பெட்ரோல் மூடியில் ஒரு சிவப்பு அம்பு

பெருமாநல்லூரைத் தாண்டிக் குன்னத்தூர் போகும் சாலையில், வேப்பமரம் நிற்கும் ஒரு திருப்பத்தில் ஒரு பேக்கரி இருந்தது. எங்கள் கார் அந்த இடத்துக்கு வந்தால் முதலில் இருமும். அப்புறம் குலுங்கும். சரியாகப் பேக்கரி வாசலில் போய் அடங்கிவிடும்.

பேக்கரிக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்தவுடனேயே கண்ணாடி டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க வாங்க. நின்னுபோச்சுங்களா?" என்று கேட்பார். அந்தக் குரலில் வருத்தம் மருந்துக்கும் இருக்காது.

நான் சொல்ல வந்த நாளும் அப்படித்தான். புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சித்திரை வெயில். பின்சீட்டு நிறையக் குழந்தைகள் சட்டை. குன்னத்தூர்ப் பக்கம் வீட்டில் இருக்கும் பெண்களிடம் பாசிமணி தைக்கக் கொடுக்கும் பீஸ்கள் அவை. நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

அவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்து எஞ்சினை முறைத்தார்.

"பெட்ரோல் பம்ப் சூடாயிருச்சு அம்மிணி. அவ்வளவுதான்."

டிக்கியிலிருந்து ஒரு பழைய பனியனை எடுத்தார். பேக்கரிக் குழாயில் நனைத்துப் பிழிந்து, காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவது போல் பம்பின் மேல் பதமாகப் போட்டார். ஸ்ஸ் என்று ஆவி கிளம்பியது. பெட்ரோல் வாசனையும் சுட்ட பன் வாசனையும் கலந்து அடித்தன. நாங்கள் டீ குடித்தோம், தேங்காய் பன் தின்றோம். பிறகு சாவியைத் திருப்பினேன். கார் சமர்த்தாகக் கிளம்பியது.

"பார்த்தியா?" என்றார் இவர். பெரிய டாக்டர் மாதிரி ஒரு சிரிப்பு.

எதற்கும் துணி

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் கார் வைத்திருக்கும் யாரும் துணி தேடி அலைந்ததில்லை. பனியன் வெட்டும்போது விழும் துண்டுத் துணி மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குப் போகும். எங்கெங்கோ இருக்கும் மெக்கானிக்குகள் கை துடைப்பது எங்கள் ஊர்த் துணியில்தான்.

வெளியூருக்கே போகிறது என்றால் உள்ளூரில் கேட்க வேண்டுமா? சீட்டுக்கு அடியில் துணி, டேஷ்போர்டில் துணி. ஜன்னல் கண்ணாடி லொடலொடத்தால் இடுக்கில் துணி. கதவு சத்தம் போட்டால் அங்கேயும் துணி. எங்கே ஓட்டை இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்களின் கை தானாகத் துணியைத் தேடும். துணி என்று ஒன்று அங்கே இருப்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மயிலை வந்த கதை

அந்தக் கார் எங்களிடம் வந்தபோதே நடுவயது தாண்டியிருந்தது. உருண்டை மூக்கு, அகலமான முன்சீட்டு, கை வலிக்கும் ஸ்டியரிங். காங்கேயம் மாட்டின் சாம்பல் நிறம் என்பதால் மயிலை என்று பெயர் வைத்தோம். ஒரு நூல் வியாபாரி புதுக் கார் வாங்கியபோது இவர் அதை வாங்கிக்கொண்டு வந்தார்.

ராயபுரத்தில் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருந்தது. பெரிய கம்பெனிகளில் தைத்த உடுப்புகள் எங்களிடம் வரும். பாசிமணி வேலை இருந்தால் வெளியே கொடுத்து வாங்கி, பழுது இருக்கிறதா என்று பார்த்து, நூல் நீக்கி, தேய்த்து, மடித்து, பெட்டி போட்டு அனுப்புவோம். இவருக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் தொழில். துணியைப் பட்டறைகளுக்கு அனுப்பி, கேட்ட நிறத்தில் வாங்கித் தருவார்.

கார் வருவதற்கு முன்னால் என் வாழ்க்கையில் பாதி, காத்திருப்பதிலேயே போயிற்று. வேன்காரருக்காகக் காத்திருப்பேன். வேன் வந்தால் டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார். இவரைக் கூப்பிட்டால் "இதோ, வந்துட்டேன்" என்பார். அந்த "இதோ" என்பது பொழுது சாய்வதற்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, "எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க" என்றேன்.

"இந்தக் கார்ல இனிப் புதுசா கெடறதுக்கு என்ன இருக்குது? ஓட்டு," என்றார். அந்தப் பெருந்தன்மையை அவர் பிறகு பலமுறை நினைத்து வருந்தியிருப்பார். காம்பவுண்டு கேட்டை நான் இடித்தபோது பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் கற்றுக்கொண்டேன். முதல்முறை தனியாகப் பெருமாநல்லூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனபோது எனக்கு நானே சத்தமாகப் பேசிக்கொண்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, சந்தோஷம் மட்டும் நினைவிருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கார் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

அதனால்தான், மயிலை வழியில் நிற்க ஆரம்பித்ததும் இவர் சொன்ன யோசனை எனக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

"இதைத் தள்ளிவிட்டுட்டுச் சின்னதா ஒரு புதுக் கார் எடுத்துக்கலாம். ஒரு டிரைவரும் போட்டுரலாம். நீ எதுக்கு வெயில்ல கஷ்டப்படணும்?"

அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் புதுக் காரின் சாவி என் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். கேட்டை இடித்ததை அவர் மறக்கவில்லை. மறுபடி டிரைவருக்காக வாசலில் நிற்க வேண்டும்.

அருளப்பனின் வைத்தியம்

எங்கள் தெருமுனையில் அருளப்பனின் ஒர்க்‌ஷாப். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கென்று வந்து, மெஷின்களை விட வண்டிகள் பிடித்துப்போய் மெக்கானிக் ஆனவர். நல்ல கைகாரர். ஒரே குறை, சந்தேகம் என்ற சொல்லே அவர் அகராதியில் கிடையாது.

"அக்கா, நான் சொல்லுதேன் கேளுங்க. இது காயில். காயில் சூடானா கரண்டு போயிரும். மாத்திட்டேன், இனிமே நிக்கவே நிக்காது, பாத்துக்கிடுங்க."

கொஞ்ச நாள் ஓடியது. பிறகு பேக்கரி வாசலில் நின்றது.

"காயில் இல்ல அக்கா, கார்புரேட்டர். உள்ள பூரா அழுக்கு."

கழுவினார். ஓடியது. பேக்கரி வாசலில் நின்றது.

"அண்ணாச்சி சொன்னதுதான் சரி. பம்புதான்."

அண்ணாச்சி என்றது என் வீட்டுக்காரரை. பம்புக்குள் இருந்த ரப்பர் தகடு மாறியது. ஒவ்வொரு முறையும் வேலை முடித்ததும், பெட்ரோல் குழாயில் வாய் வைத்து 'ஃபூ' என்று ஊதி மாட்டுவது அவர் வழக்கம். அதை யாரும் வைத்தியத்தில் சேர்க்கவில்லை, அவரும் சேர்க்கவில்லை.

என் யூனிட்டில் செக்கிங் பெண்களுக்கு மயிலை ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. உடுப்பில் எங்கே பழுது இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்கள் வேலை. தலைமை செக்கர் செல்வி ஒருநாள் பானெட்டில் ஓர் அம்பு ஒட்டிவிட்டுப் போனாள். மறுநாள் டயரில் ஒன்று, பேட்டரியில் ஒன்று. ஒருநாள் இவர் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். டிரைவர் சீட்டின் முதுகில் ஓர் அம்பு அவரை நோக்கி இருந்தது. அதை இவர் கவனிக்கவேயில்லை. நாங்கள் மடித்துக்கொண்டிருந்த சட்டைகளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம்.

தண்ணீர் வராத நாள்

நடுவில் காரை விற்க இவர் பேசி முடித்துவிட்டார். மடத்துக்குளத்தில் ஒரு தோட்டக்காரருக்குப் பழைய கார் என்றால் பிரியமாம். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் கடைசியாக ஒருதரம் குன்னத்தூர் போனேன், தனியாக. வழக்கமான இடம், வழக்கமான இருமல். நின்றது.

பானெட்டைத் திறந்து, பனியனை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். குழாயில் காற்றுதான் வந்தது.

"இன்னிக்கித் தண்ணி வல்லீங்க," என்றார் பேக்கரிக்காரர். "டீ மட்டும் போட்டுட்டனுங்க."

வேறு வழி? டீயைக் குடித்தேன். காரிலேயே உட்கார்ந்து, சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தேன். கிளம்பிவிட்டது!

காய்ந்த பனியன் மடியில் கிடந்தது. பம்ப் நெருப்பாகத்தான் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் இத்தனை நாளும் குணப்படுத்தியது ஈரத்துணி இல்லை. டீ குடிக்கிற நேரம்தான்.

ஏன் என்று மட்டும் புரியவில்லை.

நூல் உறிஞ்சும் மெஷின்

புரிந்தது வெள்ளிக்கிழமை, யூனிட்டில்.

தைத்த உடுப்பில் ஒட்டியிருக்கும் பிசிறு நூலை இழுத்துக்கொள்ள எங்களிடம் ஒரு மெஷின் உண்டு. பெரிய மோட்டார், வாயகன்ற குழாய். உடுப்பை முன்னால் காட்டினால் நூலெல்லாம் உள்ளே போய்விடும். அன்று அது ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று மூச்சு முட்டியது போல் சத்தம் மாறியது.

செல்வி சுவிட்சை அணைத்தாள். மறுபடி போட்டாள். நன்றாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மூச்சு முட்டல். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"அக்கா, ஒரு சைஸ் லேபிள் உள்ள போயிருச்சுங்க. ஓடறப்ப இழுத்துட்டுப் போயிக் குழாய் வாயில ஒட்டிக்குது. ஆஃப் பண்ணா விழுந்துருது. மறுக்கா போட்டா, மறுக்கா வந்து ஒட்டிக்குது."

நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டேன்.

"செல்வி, ஒரு அம்பு ஸ்டிக்கர் குடு."

வெளியே ஓடினேன். மயிலையின் பின்பக்கம், பெட்ரோல் ஊற்றும் மூடியின் மேல் அந்தச் சிவப்பு அம்பை அழுத்தி ஒட்டினேன். பிறகுதான் அருளப்பனைக் கூப்பிட ஆள் அனுப்பினேன்.

"டேங்குக்குள்ள என்னமோ கெடக்குதுங்க அருளப்பன். வண்டி ஓடறப்பக் குழாய் அதை இழுத்துக்குது. பேக்கரி போய்ச் சேர்றதுக்குள்ள வாயை அடைச்சுருது. நின்னா விட்டுருது. நீங்க ஒவ்வொருதரமும் ஊதி ஊதி அதைத் தள்ளி விட்டிருக்கீங்க. அதனாலதான் கொஞ்ச நாள் ஓடுது."

அருளப்பன் அம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா! நான் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு வைத்தியம் பாக்கேன், ஊதினதுலதான் ஓடிருக்கு! என் ஊதுக்குத்தான் கூலி வாங்கிருக்கேன் போல!"

தொட்டிக்குள்ளே

சனிக்கிழமை காலை, யூனிட் முற்றத்தில் ஆபரேஷன். அருளப்பன் பெட்ரோலை வடித்துத் தகர டின்னில் பிடித்தார். டிக்கிக்குள் தலையை விட்டு, தொட்டியின் மேல் மூடியைக் கழற்றினார். "யாரும் கிட்ட வராதிய, அடுப்பு கிடுப்பு பத்த வைக்காதிய" என்று அதட்டினார். செக்கிங் பெண்கள் சொன்னபடி தள்ளிப் போய், சொன்னதை மறந்து மறுபடி நெருங்கினார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரப்போவதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

வளைத்த கம்பி உள்ளே போயிற்று. துழாவியது. சிக்கியது. மெதுவாக வெளியே வந்தது.

மஞ்சள். நல்ல பூசணிப்பூ மஞ்சள். கையகலத் துணி ஒன்று பெட்ரோல் சொட்டச் சொட்டக் கம்பி முனையில் தொங்கியது.

காரில் இருந்த பிசாசே வெளியே வந்துவிட்டது, கைதட்ட வேண்டாமா? எங்கள் ஊரில் நடந்தது வேறு. எல்லோரும் துணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ரிப்புங்க அக்கா. கழுத்துப் பட்டிக்குப் போடறது," என்றாள் செல்வி.

"நல்ல நூலு," என்றது இன்னொரு குரல்.

இவர் எழுந்து வந்து வாங்கினார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தியா அம்மிணி? இத்தன நாள் பெட்ரோல்ல ஊறியும் கலர் துளி போகலை! இது நான் போட்ட சாயம். இந்த மஞ்சளை நம்மளை விட்டா யாரும்..."

அங்கே நிறுத்திக்கொண்டார். கை மட்டும் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"ஏனுங்கண்ணா," என்றாள் செல்வி, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "நீங்க போட்ட சாயம், டேங்குக்குள்ள எப்பிடிங்க போச்சு?"

எல்லாம் வெளியே வந்தது. எப்போதோ ஒருமுறை பெட்ரோல் போட்ட இடத்தில் மூடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார். கையில் சாம்பிள் துணி இருந்திருக்கிறது. ஓட்டையைக் கண்ட திருப்பூர்க்காரர் என்ன செய்வார்? அடைத்துவிட்டார்.

"பொறவு புது மூடி வாங்கிப் போட்டேன். அடைச்ச துணியில பாதிதான் கைக்கு வந்துச்சு. மீதி ரோட்டுல விழுந்துருக்கும்னு நெனச்சேன்."

செல்வி பாவாடைப் பையிலிருந்து ஓர் அம்பு ஸ்டிக்கரை எடுத்து என் கையில் வைத்தாள். நான் அதை இவருடைய சட்டைப் பையின் மேல் ஒட்டினேன். முற்றமே அதிர்ந்தது. இவரும்தான் சிரித்தார். வேறென்ன செய்ய முடியும்?

ஆனால் மனிதர் லேசில் விடவில்லை.

"சரி, துணி வந்துருச்சு. அதுதான் காரணம்னு எப்பிடிச் சொல்லுவே? இன்னிக்கே குன்னத்தூர் போயிட்டு வருவோம். எஞ்சின் எங்கியும் நிக்கலீன்னா கார் இருக்கட்டும். எங்கியாச்சும் நின்னுச்சுன்னா, நாளைக்கு மடத்துக்குளத்துக்காரர் ஓட்டிட்டுப் போவாரு. நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரிங்க," என்றேன்.

குன்னத்தூர் சாலை

நான் ஸ்டியரிங்கில், இவர் பக்கத்தில், பின்னால் அருளப்பன். எனக்கு எஞ்சின் சத்தம் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. பெருமாநல்லூர் தாண்டியது. சோளக்காடுகள் வந்தன.

தூரத்தில் வேப்பமரம் தெரிந்தது.

பேக்கரிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். டம்ளரைக் கழுவி, டீயை ஆற்றத் தொடங்கிவிட்டார். மயிலை இருமவில்லை. குலுங்கவில்லை. பேக்கரி வந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். அவர் டீயும் கையுமாக ரோட்டுக்கே வந்து நின்று திகைத்துக்கொண்டிருந்தார்.

"யக்கா! தாண்டிட்டுல்லா!" என்று பின்சீட்டில் அருளப்பன் கத்தினார்.

"அம்மிணி, நிறுத்து," என்றார் இவர்.

"எதுக்குங்க?"

"டீ போட்டுட்டாரு பாரு, பாவம்."

"நிறுத்த மாட்டேனுங்க. நின்னா வித்துருவீங்க."

"அது எஞ்சின் நின்னாத்தான். நான் சொன்னது வேற..."

"நீங்க சொன்னது சொன்னதுதானுங்க," என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். டீ இல்லாமல் அந்த ரோட்டில் போய்ப் பழக்கமில்லாத மனிதர், குன்னத்தூர் வரை கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார்.

குன்னத்தூரில் திருப்பினேன். திரும்பி வரும்போதும் மயிலை ஒரே சீராக ஓடியது. பேக்கரி வந்ததும் எனக்கே மனசு கேட்கவில்லை. வேப்பமர நிழலில் ஓரங்கட்டினேன். அந்த இடத்தில் நான் பிரேக் போட்டு நிறுத்தியது அதுதான் முதல்முறை. எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. சாவியின் மேல் கையை வைத்தபடியே இருந்தேன்.

பேக்கரிக்காரர் டீயை ஜன்னலுக்கே கொண்டுவந்தார்.

"என்னங்க, நிக்காமப் போயிட்டீங்க? எதாச்சும் கோவங்களா?"

"கார் சரியாயிருச்சுங்க," என்றேன்.

"அப்பிடீங்களா?" அவர் முகம் விழுந்துவிட்டது. "சந்தோசமுங்க," என்றார், கொஞ்சமும் சந்தோஷமில்லாமல்.

இவர் டீயைக் குடித்து முடித்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். பையின் மேல் சிவப்பு அம்பு இன்னும் ஒட்டியிருந்தது.

"வணக்கமுங்க. திருப்பூர்ல இருந்து பேசறனுங்க. நாளைக்கு நீங்க வர வேண்டாங்க... இல்லீங்க, காரைக் குடுக்கறாப்பல இல்லீங்க... அய்யோ, விலைக்காகச் சொல்லலீங்க." என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "அது எங்க அம்மிணி வண்டிங்க. நாந்தான் தெரியாம என்னுதுன்னு சொல்லிப்போட்டனுங்க."

பின்சீட்டில் அருளப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சோளக்காட்டைப் பார்த்தார்.

நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னேன்.